முறத்தால் சிக்னல் புடைத்த மத்தியானம்

இன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பரீட்சை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். மலை இறங்க வேண்டாம். உட்கார வேண்டும், எழுத வேண்டும், எழுந்திருக்க வேண்டும்.

இதில் உட்காருவதற்கே எனக்கு ஆறு மணி நேரம் ஆனது.

முதலில் அது என்ன பரீட்சை என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைடு புத்தகம் போடுகிற கம்பெனி ஒன்று. வீட்டிலிருந்தே பிழை திருத்தித் தர ஆள் வேண்டுமாம். பரீட்சை இன்டர்நெட்டில். நடுவில் லைன் போய் இரண்டு நிமிடத்துக்குள் திரும்ப வரவில்லையென்றால் பக்கம் மூடிக்கொள்ளும். மறுபடி திறக்காது. ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான்.

இந்த வேலை கிடைக்கவில்லையென்றால்? நான் படித்த கான்வென்ட்டிலேயே டீச்சர் வேலை இருக்கிறது. திங்கட்கிழமை சிஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடம் ராசிபுரத்துப் பக்கம், கீழே. நான் வாக்கப்பட்டிருப்பது எடப்புளி நாட்டில், கொல்லிமலைக்கு மேலே. விடியுமுன் எழுபது வளைவு இறங்கி, இருட்டின பிறகு எழுபது வளைவு ஏற வேண்டும்.

என் மகள் யாழினிக்குப் பத்து மாதம். என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொள்ளாமல் அவள் தூங்கியதே கிடையாது.

அவளைவிட நான் மோசம். அவள் தும்மினால் கஷாயம் வைக்க ஓடுவேன். இருமினால் டாக்டருக்குப் போன் போடுவேன். ரொம்ப நேரம் தும்மாமல் இருமாமல் இருந்தால், மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் அவளை விட்டுவிட்டுப் பதினாலு மணி நேரம் கீழே போய் இருந்தால், அடுத்த வாரம் நானே ஆஸ்பத்திரியில் இருப்பேன்.

ஆகவே பரீட்சை. ஆகவே இன்டர்நெட்.

எங்கள் ஊரில் இன்டர்நெட் என்பது ஒரு விரல் நீள டேட்டா கார்டு. அதை லேப்டாப்பில் செருக வேண்டும். வெறுமனே செருகினால் மலையில் சிக்னல் எடுக்காது என்று, என் வீட்டுக்காரர் ஓட்டு முகட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு ஏரியல் வைத்து, ஒயரை ஓட்டுச் சந்து வழியாக உள்ளே இறக்கி கார்டில் மாட்டிக் கொடுத்திருந்தார். அவருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு ராத்திரி போய்விடுவார். இன்டர்நெட்டும் அவரைப் போலத்தான். இருக்கிற மாதிரி இருக்கும், கிளம்பிவிடும்.

ஆனால் ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒரு மாதம் அருமையாக வந்தது. பதினைந்து நாளாகத்தான் இந்தக் கண்ணாமூச்சி.

காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். கரண்ட் இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திரையின் மூலையில் சிக்னல் கோடு ஐந்து. ஆஹா! மெயிலைத் திறந்தேன். திறக்கத் திறக்க நான்கு, மூன்று, ஒன்று. போச்சு.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். கார்டைப் பிடுங்கிச் செருகினேன். பிடுங்கி, அடுப்பை ஊதுவது போல ஊதி, செருகினேன். முந்தானையில் துடைத்துச் செருகினேன். மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிச் செருகினேன். நான் கும்பிடுவது என்னவோ பிள்ளையாரைத்தான். பரீட்சை என்று வந்துவிட்டால் மட்டும் பள்ளிக்கூடத்துப் பழக்கம் வந்துவிடும்.

ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டில் செல்போன் பேச வேண்டுமென்றால் மாட்டுக்கொட்டகையில், எருமைக்கும் தொட்டிக்கும் நடுவில், சுவரை ஒட்டி நிற்க வேண்டும். வேறெங்கும் எடுக்காது. அது வேறு கம்பெனி டவர்.

"ஏனுங்க, நெட்டு வரலீங்க."

"அணச்சுப் போட்டயா?"

"நாலு தடவ போட்டுட்டேனுங்க."

"அஞ்சாவது தடவ போடு."

பின்னால் தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம். போன் கட்டாகிவிட்டது. கட்டிய கணவன் காட்டிய வழி இவ்வளவுதான்.

அடுத்து, கார்டு விற்ற கம்பெனியின் கஸ்டமர் கேர். அங்கே ஒரு தம்பி. குரலிலேயே டை கட்டியிருந்தார்.

"சொல்லுங்க மேடம். இப்ப ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?"

"ஸ்க்ரீன் ஊட்டுக்குள்ள இருக்குதுங்க. நான் மாட்டுக்கொட்டகையில இருக்கறேன்."

"லேப்டாப்பக் கையில எடுத்துட்டு வாங்க மேடம்."

"வராதுங்க. ஏரியல் ஒயரு அலமாரி வரைக்குந்தான் எட்டும். பேட்டரி வேற செத்துப்போச்சு, பிளக்கப் புடுங்குனா அணைஞ்சுரும்."

தம்பி விடவில்லை. "அப்ப நான் லைன்ல இருக்கேன். நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க மேடம்."

போனேன். பார்த்தேன். வந்தேன். சொன்னேன். அதற்குள் அங்கே மாறிவிட்டது. மறுபடி போனேன். இடுப்பில் யாழினி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவள் கையைத் தட்டிச் சிரிக்கிறாள். அம்மா விளையாட்டுக் காட்டுகிறாளாம்.

ஐந்தாவது ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த மாமனார் பாவப்பட்டு எழுந்து வந்தார்.

"நீ போனுகிட்ட நில்லு கண்ணு. நான் வாசப்படியில நின்னு பாத்துச் சொல்றேன்."

அவர் வாசற்படியில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, மாட்டுக்கொட்டகைக்குக் கத்தினார். "செவப்பு லைட்டு எரியுதம்மா!"

நான் போனில்: "செவப்பு லைட்டுங்க."

"விட்டு விட்டு எரியுதா, தொடர்ந்து எரியுதா மேடம்?"

"மாமா! விட்டு விட்டா, ஒரேடியாவா?"

"கண்ணடிக்குது கண்ணு!"

"கண்ணடிக்குதாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எருமை என் காதுக்குப் பக்கத்தில் 'ம்மா' என்றது.

"மேடம், பின்னாடி யாரோ பேசறாங்க. அவங்க லேப்டாப் பக்கத்துல இருந்தா அவங்ககிட்டயே போனக் குடுங்க."

"அது எருமைங்க."

"ஓகே மேடம்" என்றார் தம்பி. எதற்கும் அசையாத தம்பி. "உங்க புகார பதிவு பண்ணிட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துல எங்க ஆள் வருவார்."

மணி பதினொன்றரை. பரீட்சைக்கு மூன்றரை மணி நேரம்.

உள்ளே வந்து அலமாரி முன்னால் பொத்தென்று உட்கார்ந்தேன். மாமியார் வாசல் பக்கம் கால் நீட்டி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்.

"காத்தடிச்சா வருது கண்ணு."

"என்னதுங்கத்தை?"

"அதான், உன்ற நெட்டு. நானும் பாத்துட்டேதான இருக்கறேன். நீ 'ஆஹா'ங்கறப்பெல்லாம் வெளிய வாழெல ஆடுது. நீ தலையில அடிச்சுக்கறப்பெல்லாம் எல அப்படியே நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளஸ் டூவில் பிசிக்ஸில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவள் நான். "அத்தை, இது மின்காந்த அலைங்க. காத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. காத்தே இல்லாத எடத்துலகூட இது போவும்."

"செரி போச்சாது போ. நான் எதக் கண்டேன்" என்று அடுத்த கிழங்கை எடுத்தார்.

சொல்லிவிட்டேனே தவிர, கண் ஜன்னல் பக்கம் போனது. வாழை இலை ஆடாமல் நின்றது. திரையில் கோடு பூஜ்ஜியம்.

லேசாக ஒரு காற்று. இலை ஆடியது. கோடு இரண்டு!

இலை பலமாக ஆடியது. கோடு ஐந்து!

இலை நின்றது. பூஜ்ஜியம்.

தற்செயல் என்று மறுபடி பார்த்தேன். மூன்றாவது முறையும் பார்த்தேன். அத்தனை தடவையும் வாழை இலை சொன்னபடியே லேப்டாப் கேட்டது.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பிசிக்ஸ் எல்லாம் கீழ் நாட்டோடு சரி போலிருக்கிறது. கல்யாணமாகி எழுபது வளைவு ஏறி வந்தபோது ஏதோ ஒரு வளைவில் அதையும் சேர்த்து வாந்தி எடுத்துவிட்டேன்.

மாட்டுக்கொட்டகைக்கு ஓடினேன். அதே தம்பி.

"சார், காத்தடிச்சா வருதுங்க. காத்து நின்னா நின்னுருதுங்க."

அந்தப் பக்கம் தடதடவென்று எதையோ டைப் அடித்தார்.

"மேடம்," என்றார் கடைசியில், "காத்து எங்க கம்பெனி கன்ட்ரோல்ல இல்ல மேடம்."

நியாயம்தான். அப்படியானால் காற்றை நாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

முதலில் டேபிள் ஃபேன். லேப்டாப் பக்கம் திருப்பி வைத்தேன். பரீட்சைக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைத் தாள்கள் பறந்து போய்க் கிழங்குத் தோலில் விழுந்தன. கோடு பூஜ்ஜியம். டேட்டா கார்டுக்கு நேராக வைத்தேன். பூஜ்ஜியம். ஒயர் இறங்குகிற ஓட்டுச் சந்தைப் பார்த்து வைத்தேன். பத்து வருடத்து ஒட்டடை என் தலையில் இறங்கியது. பூஜ்ஜியம்.

"கரண்டுக் காத்து ஆவாதாட்ட இருக்குது. மொறத்துல வீசிப் பாக்கலாம்" என்று மாமனார் முறத்தோடு வந்தார். கிழக்கே நின்று வீசினார். மேற்கே நின்று வீசினார். சாமையில் உமி போக்குகிற மாதிரி லேப்டாப்பைப் பார்த்துப் புடைத்தார். கீபோர்டின் இடுக்கிலிருந்து யாழினியின் பிஸ்கட் தூள் மட்டும் வந்தது.

மாமியாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஏனுங்க, களத்துல தூத்தறப்ப காத்து நின்னுபோச்சுன்னா நீங்க சீட்டி அடிப்பீங்கல்ல?"

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். தானியம் தூற்றும்போது காற்று நின்றுவிட்டால், வயசாளி ஒருவர் காற்று வருகிற திக்கைப் பார்த்து நின்று சீட்டி அடித்துக் கூப்பிடுவார்.

மாமனார் வாசலில் போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். உதட்டைக் குவித்து நீளமாக ஒரு சீட்டி அடித்தார்.

ஒன்றுமில்லை.

இன்னொன்று அடித்தார்.

வாழை இலை மெல்லப் புரண்டது. பலாமரத்தில் சலசலப்பு. திரையில் ஒன்று, மூன்று, ஐந்து!

"வந்துருச்சு மாமா! நிறுத்தாதீங்க!"

மெயில் திறந்தது. கம்பெனியின் பக்கம் திறந்தது. மாமனார் மூச்சு வாங்க நிறுத்தினார். காற்று நின்றது. கம்பெனி மறைந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் பயபக்தியோடு கேட்டேன். "மாமா, மூணு மணிலயிருந்து நாலு மணி வரைக்கும் உங்களால ஒரேயடியா சீட்டி அடிக்க முடியுங்களா?"

அவர் நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு பல்லு இல்ல. இருந்தாலும் உனக்காகப் பாக்கலாஞ் சாமி."

பிசிக்ஸில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவள், மாமனாரின் உதடு காயாமல் இருக்கச் சொம்பில் மோர் கரைத்து வைத்தேன். இதை எழுதும்போது எனக்கே முகம் சுடுகிறது. அப்போது சுடவில்லை.

இரண்டே கால் மணிக்கு அவரே இன்னொரு யோசனை சொன்னார். "இங்க நின்னு சீட்டி அடிச்சு, அந்தக் காத்து எப்ப வந்து சேர்றது? நேரா அந்த ஏரியலுகிட்டயே போயி மொறத்துல வீசுனா என்ன?"

அதுவும் சரிதானே! மிளகு பறிக்கிற ஏணியைச் சாத்தினார். தென்னை உயரச் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியைத் தேடி ஏறுகிற மனிதர், எங்கள் ஓட்டு வீடு அவருக்குப் படிக்கட்டு. முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "கண்ணு! இங்க ஏரியலு எது?"

"கம்பத்து உச்சியில, சாண் நீளத்துக்கு ஒரு குச்சி இருக்கும் பாருங்க மாமா!"

"குச்சியெல்லாம் ஒண்ணுங் காணமே. கம்பத்துல நம்ம குண்டாதான் இருக்குது."

"எந்தக் குண்டா?"

"நம்ம குண்டா கண்ணு. மீச வெச்ச குண்டா."

யாழினியை மாமியார் மடியில் போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். நான்காவது படியிலேயே தெரிந்துவிட்டது.

கம்பத்தின் உச்சியில் ஓர் அலுமினியக் குண்டா தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. கரி பூசிய குண்டா. மேலே சுண்ணாம்புப் புள்ளிகள். உருட்டிய கண், கோரைப்பல், முறுக்கிய மீசை. திருஷ்டிக் குண்டா! பஞ்சாரத்தில் கவிழ்த்த கோழி மாதிரி, என் ஏரியல் அதற்குள்ளே அடைந்து கிடந்தது. காற்று வந்தால் குண்டா ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சந்தில் சிக்னல் புகுந்துவிடும். காற்று நின்றால் பழையபடி உட்கார்ந்து மூடிக்கொள்ளும்.

வாழை இலை பொய் சொல்லவில்லை. நான்தான் அண்ணாந்து பார்க்கவில்லை.

"அத்தை!" என்று கத்தினேன். "இதை ஆருங்க இங்க மாட்டச் சொன்னது?"

மாமியார் கீழேயிருந்து என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நீதான் கண்ணு."

நானேதான்.

பதினைந்து நாளுக்கு முன்னால் யாழினிக்கு மூன்று நாள் காய்ச்சல். டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். சரியாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் அவள் பால் குடிக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. "ஏதாச்சும் பண்ணுங்கத்தை, எது வேணாலும் பண்ணுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். "இன்னும் ஏதாச்சும்" என்றேன். "வேணும்னா ஊட்டு மேல ஒரு சட்டிய மாட்டலாம்" என்றார். மண்சட்டி என்றால் காற்றில் விழுந்து உடைந்துவிடும் என்று, அலுமினியக் குண்டாவைத் தேடி எடுத்தது நான். கரி பூசியது நான். அந்த மீசை, கான்வென்ட்டில் டிராயிங் கிளாஸ் போன கை வரைந்த மீசை.

'இருக்கறதுலயே ஒசரமான எடத்துல மாட்டிருங்க மாமா' என்று கொடுத்ததும் நானே. அவருக்கு அது ஏரியல் என்று யார் சொன்னது? அவர் மகன் அதை மாட்டிய அன்றைக்கு அவர் தோட்டத்தில் இருந்தார். உயரமான இடம் கேட்டேன், உயரமான இடம் கிடைத்தது. அதன் பிறகு நான் அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. படித்தவள் அல்லவா, வெட்கம்.

மணி இரண்டு நாற்பது.

"எடுத்துப்புடட்டுமா கண்ணு?" மாமனார் குண்டாவில் கை வைத்தார்.

எடுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஒரு நினைப்பு வந்துவிட்டது.

குண்டா மாட்டிய அன்றைக்கு ராத்திரிதான் காய்ச்சல் விட்டது. மருந்தால் விட்டதா, மீசையால் விட்டதா? மருந்துதான். தெரியும். நிச்சயமாகத் தெரியும். ஆனால் ஒருவேளை?

"இருங்க மாமா! எடுக்காதீங்க!"

"எடுக்காம எப்படி நீ பரீச்ச எழுதுவ?"

"எடுத்துட்டு... புள்ளைக்கு மறுபடி ஏதாச்சும்..."

மாமியார் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஏணியடிக்கு வந்தார். "ஏங்கண்ணு, காச்சல் டாக்டரு மருந்துல போச்சு. மூணு நாளைக்கு மருந்து குடுத்தாரு, மூணாம் நாளு போச்சு. இதுல குண்டா எங்க வந்துச்சு?"

"அப்பறம் எதுக்குங்கத்தை மாட்டச் சொன்னீங்க?"

"நீ ரெண்டு நாளாச் சோறு திங்காம அழுதுட்டு இருந்த. மருந்து புள்ளைக்கு. குண்டா உனக்கு."

பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாத மாமியார் விஞ்ஞானம் பேசுகிறார். பிசிக்ஸ்காரி குண்டாவைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"செரிங்கத்தை. ஆனாலும் ஊட்டு மேலயே இருக்கட்டும். ஏரியல விட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி."

ஓட்டின் மேல் வைத்தார் மாமனார். உருண்டது. பிடித்தார். மறுபடி வைத்தார். மறுபடி உருண்டது. கட்டலாமென்றால் வேறு கம்பம் இல்லை. மணி இரண்டு ஐம்பத்தி மூன்று.

"நீ போயி உக்காரு சாமி" என்றார் மாமனார். "இத நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுக் குண்டாவைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஓட்டு முகட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மீசை முன்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டார். அந்த அக்கறையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

ஓடி வந்து உட்கார்ந்தேன். கோடு ஐந்து. காற்று இல்லை, இலை ஆடவில்லை, கோடு ஐந்து! மூன்று மணிக்குப் பரீட்சை திறந்தது.

யாழினி தூளியில். மாமியார் கால் கட்டைவிரலில் தூளிக் கயிறு, கையில் கிழங்கு, கண் திரையின் மூலையில். கோடு எத்தனை என்று பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு வெளியே வேன் நிற்கிற சத்தம். வாசலூர்பட்டியில் படகுவிடப் போகிற சுற்றுலாக்காரர்கள்.

"பெரியவரே! இது என்ன சாமிங்க?"

ஓட்டு மேலிருந்து, குண்டாவுக்குள் கணகணவென்று எதிரொலிக்கும் குரலில் பதில் வந்தது. "சாமியெல்லாம் இல்லீங்க. மருமவ பரீச்சைங்க!"

"எத்தன நாளைக்கு இப்படி உக்காருவீங்க?"

"நாலு மணி வரைக்குமுங்க!"

கேமரா சத்தம் கேட்டது. ஒரு அம்மா "பாத்துக்க, மலைக்காரங்க மருமகளுக்காக விரதம் இருக்கறாங்க" என்று தன் மாமியாரிடம் சொல்வதும் கேட்டது. வேன் அதற்குப் பிறகு சத்தமில்லாமல் கிளம்பியது.

மூன்று நாற்பதுக்கு என் தலையில் விழுந்தது இடி. நான் ஒரு பத்தியில் ஒற்றெழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். "கண்ணு, ரெண்டு கோடு!" என்றார் மாமியார். நிமிர்ந்தேன். ஒன்று. பூஜ்ஜியம். பக்கத்தின் நடுவில் சிவப்பில் எழுத்து: இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு.

மாமியார் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். "தூங்கறாரு! தூங்கிக் கம்பத்துல சாஞ்சுட்டாரு!"

குண்டாவும் தலையுமாக ஏரியலைக் கட்டிப்பிடித்துச் சாய்ந்திருக்கிறார்.

"ஏனுங்க!" பதில் இல்லை. "ஏனுங்கோ!" குறட்டை. குண்டாவுக்குள் குறட்டை எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒரு நிமிடம் பத்து. ஒன்பது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பஸ், வளைவு, சிஸ்டர், முந்தானை தேடுகிற கை, எல்லாம் வரிசையாக வந்தன.

மாமியார் திரும்பி வந்தார். கிழங்குக் கூடையில் கை விட்டார். நல்ல கனமான மரவள்ளித் துண்டு ஒன்றைப் பொறுக்கினார். மறுபடி வாசலுக்கு ஓடிக் குறி பார்த்தார். வீசினார்.

டங்ங்ங்!

"என்னாச்சு! ஆரு!" என்று மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோடு ஐந்து. பக்கம் திரும்பி வந்தது. மீதி நேரம் முழுக்க மாமியார் வாசலிலேயே நின்றார், கையில் இன்னொரு துண்டோடு.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசிக் கேள்வியை முடித்தேன். அப்பாடா என்று அமுக்கினால், இன்னொரு பெட்டி வந்தது. "உங்கள் இணைய இணைப்பு தடைபட்டால், உங்களிடம் உள்ள மாற்று ஏற்பாடு என்ன?" பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் விடாது.

பொய் எழுத நேரமில்லை. 'மாமனார்' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

ஆறு மணிக்குப் போன் வந்தது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் வைத்திருந்த போனை எருமை பக்கத்தில் நின்று எடுத்தேன். சென்னை மேடம்.

"டெஸ்ட் ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. எங்களுக்குத் திருப்தி. ஒரே ஒரு சந்தேகம். மாற்று ஏற்பாடுங்கற எடத்துல 'மாமனார்'னு போட்டிருக்கீங்களே, அது எந்த கம்பெனி கனெக்ஷன் மேடம்?"

"சொந்தக் கனெக்ஷன்தாங்க மேடம்."

"நம்பகமா இருக்குமா?"

"மத்தியானத்துல கொஞ்சம் தூங்குமுங்க. தட்டுனா எந்திரிச்சுக்கும்."

"பரவால்ல, எல்லா கனெக்ஷனும் அப்படித்தான்" என்றார். புதன்கிழமையிலிருந்து வேலை!

உள்ளே வந்து சொன்னதும் மாமியார் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார். யாழினி காரணம் தெரியாமல் கையைத் தட்டினாள். இப்போது என் முந்தானையைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். ஒரு கையால்தான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். குண்டா மறுபடி கம்பத்தில்தான் இருக்கிறது. தெரியும், ஒன்றும் சொல்லாதீர்கள்.

சாப்பிடும்போது மாமனார் கேட்டார். "நெம்ப சந்தோசங் கண்ணு. அப்ப புதங்கெழமயிலிருந்து நான் எத்தன மணிக்கு மேல ஏறோணும்?"

"ஒம்பது மணிக்குங்க மாமா" என்றேன்.

எத்தனை மணிக்கு இறங்கலாம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.